ஒன்பதாவது விக்கெட்டுக்கு

கிரிக்கெட் என்பது மைதானத்தில் இறங்குபவர்கள் ஆடும் ஆட்டம் என்று உலகம் முழுவதும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. படித்தவர்களிடமும் இது வேரூன்றியிருப்பதும், பொது அறிவு நூல்களில் ஆண்டுதோறும் மறுப்பின்றி அச்சாவதும் வருந்தத்தக்கவை. மைதானத்தில் இருப்பவர்கள் வெறும் கருவிகள். ஆட்டத்தை நடத்துபவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இன்று கடல் தாண்டித் தெற்கே ஒரு நாட்டில், டெஸ்டின் கடைசி நாளில், நம் அணி எட்டாவது விக்கெட்டை இழந்தபோது, ஈரோட்டில் ஒரு வீட்டின் கூடத்தில் வான்மதியாகிய நான் எட்டு மாத வயிற்றோடு பிரம்பு நாற்காலியில் சரிந்திருந்தேன். இடது கால் முக்காலியில் நீண்டிருந்தது, வலது கால் மடங்கியிருந்தது, முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணை நழுவித் தொடைக்கடியில் சிக்கியிருந்தது, வலது கை தலைக்குப் பின்னால், இடது கை நாற்காலிப் பிடியின்மேல். என் மாமனார் ஆப்பிள் துண்டுகள் போட்ட தட்டோடு சமையலறையிலிருந்து வந்தவர், கதவு நிலையைத் தாண்ட ஒரு காலை எடுத்து வைத்திருந்தார். புதிதாக இறங்கிய நெட்டையன் (எனக்கு அவன் நெட்டையன், அம்மா அப்பா வைத்த பெயர் வேறு) முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்தான். ஸ்லிப்பில் நின்றவன் அதைக் கையில் வாங்கி, கையிலிருந்து தரையில் விட்டான். "அப்படியே இரு அம்மிணி," என்றார் மாமா. அதிலிருந்து நாங்கள் இருவரும் அப்படியே இருக்கிறோம்.

விதி எளியது. ஒரு ஜோடி நின்றுவிட்டால், அந்த நேரத்தில் யார் எங்கே எப்படி இருந்தார்களோ, ஜோடி பிரியும்வரை அங்கே அப்படியே இருக்க வேண்டும். பேசலாம், கழுத்தைத் திருப்பாமல். இருமலாம், அவசியமென்றால். நடுவில் மைதானத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்களே, அந்தச் சின்ன இடைவேளையில் எழுந்துகொள்ளலாமா என்று கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டேன். மாமா நெடுநேரம் யோசித்தார். மின்வாரியத்தில் இருந்தவர், எதையும் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பார். "பேட்ஸ்மேன் அப்பவும் உள்ளதானே நிக்கறான்? அப்ப லைன்ல கரண்ட் இருக்குதுன்னு அர்த்தம். கை வெக்கக் கூடாது," என்றார். ஒருமுறை மின்விசிறி துடைக்க ஏணியில் ஏறியவர், கீழே டிவியில் ஒரு ஜோடி நிலைத்துவிட்டதால் சாயங்காலம்வரை இறங்கவில்லை. அத்தை சோற்றை உருட்டி உருட்டி எட்டிக் கொடுத்தாராம். அத்தை இன்று ஊரில் இல்லை, கோபியில் ஒரு வளைகாப்பு. போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்: "மாமனாரும் மருமவளும் நல்லாத்தான் சேந்தீங்க. வர்றதாச்சும் மனுசப் பொறப்பா இருக்கட்டும்னு சாமியக் கும்புடறேன்." சேர்ந்தது உண்மை. பெண் பார்க்க வந்த அன்று சமைக்கத் தெரியுமா என்று யாரோ கேட்டு நான் பதில் சொல்லும் முன்பே மாமா குறுக்கே புகுந்து, "பாலோ ஆன் குடுக்கறதுக்கு எத்தனை ரன் முன்னால இருக்கோணும், சொல்லு கண்ணு," என்றார். "அஞ்சு நாள் ஆட்டத்துக்குங்களா, நாலு நாள் ஆட்டத்துக்குங்களா?" என்றேன். மாமா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "நந்து, இந்தப் புள்ளதான்," என்றார். நந்து என்கிற நந்தகோபால், மாப்பிள்ளை, அப்போது ஜன்னல் வழியாக எங்கள் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அவருக்குக் கிரிக்கெட்டில் எத்தனை பேர் என்பதே இன்றுவரை உறுதியில்லை. ஆக, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் கட்டிக்கொண்டது இந்தக் கூடத்தைத்தான். இந்த நாற்காலி, இந்தச் சுவர், இந்த டிவி. இப்போது இந்தத் தலையணையின் மூலை, இடுப்பெலும்புக்குக் கீழே ஒரு விரலைப் போலக் குத்திக்கொண்டே இருக்கிறது, யாரோ கூப்பிடுவதற்காகக் குத்துவதுபோல, திரும்பு, திரும்பு என்று.

திரும்ப முடியாது. நெட்டையனும், எதிர்முனையில் குட்டையன் கீப்பரும், தடுத்து, விட்டு, தடுத்து, விட்டு, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி, மறுபடி தடுக்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை இவர்கள் நின்றால் டிரா. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள். சாரா நிகழ்ச்சிகள் என்று ஒரு பாடம். ஒன்று நடப்பது மற்றொன்று நடப்பதற்கான வாய்ப்பைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. எடுத்துக்காட்டு: உங்கள் ஆசிரியை நாற்காலியில் அசைவது, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் ஸ்டம்பைப் பறிகொடுப்பது. வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அடுத்த ஆட்டத்தில் வீட்டுக்கு வந்து அசையாமல் உட்காருவேன். அறிவதும் உட்காருவதும்கூடச் சாரா நிகழ்ச்சிகளே. கால் மரத்துவிட்டது. முக்காலியில் இருப்பது என் கால்தானா, யாராவது மறந்துவைத்துவிட்டுப் போனதா என்று சந்தேகம் வருகிறது, மரத்துப்போன காலை அசைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு ஊசி ஊசியாக உயிர் வரும், எல்லாவற்றுக்கும் அப்படித்தான், முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு வரும், வந்துவிடும். இவ்வளவு நேரம் வராமல் இருந்ததில்லை. அதை நினைக்க வேண்டாம். நெட்டையன் முன்காலை நீட்டித் தடுக்கிறான், நல்ல தடுப்பு, பந்து காலடியிலேயே செத்து விழுகிறது. செத்து என்ற சொல்லை ஏன் இப்போது. பந்து காலடியிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் வேண்டாம். பந்து காலடியில் கிடக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டபோது, அங்கே அவர்களுக்கு மதியச் சாப்பாடு, வழக்கமாக இரண்டாவது இட்லிக்கு விலாவுக்குக் கீழே ஒரு உதை வரும், தட்டைத் தள்ளிவிடுகிற மாதிரி. இன்று வரவில்லை. மூன்றாவதும் சாப்பிட்டுப் பார்த்தேன். நடந்தால் தொட்டில் ஆட்டுவதுபோல, தூங்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன், ஆகவே நடந்தேன், நடந்ததால்தான் தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தால் விழிக்கும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் எட்டாவது விக்கெட் விழுந்தது.

நைட் வாட்ச்மேன் என்றுதான் நான் அதைக் கூப்பிடுவது, மனதுக்குள் மட்டும். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் விக்கெட் விழுந்தால், நல்ல பேட்ஸ்மேனை அனுப்பாமல், ஆடத் தெரியாத ஒருவனை அனுப்புவார்கள். அவன் ரன் எடுக்க வேண்டாம், விடியும்வரை அவுட்டாகாமல் நின்றால் போதும். எனக்கும் அவ்வளவே போதும் என்று இருந்தது. அழகு வேண்டாம், அறிவு வேண்டாம், நாள் வரும்வரை நின்றால் போதும். இதற்கு முன்னால் வந்தது மூன்றாம் மாதத்தில் தங்கவில்லை. கணக்கைத் திறக்காமலே போய்விட்டது என்று அப்போது நந்துவிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. புரியாததற்காக அன்று நான் அவரை நேசித்தேன். டாக்டர் இந்த முறை தெளிவாகச் சொல்லியிருக்கிறார், விரலை நீட்டி, நான் படித்தவள் என்பதால் இரண்டு முறை: "அசைவு கொறஞ்ச மாதிரி தோணுச்சுன்னா சில்லுனு ஏதாவது குடிச்சுட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக் கவனிங்க. அப்பவும் இல்லைன்னா போன் பண்ணிக் கேட்டுட்டு இருக்காதீங்க, நேரா வந்துருங்க." இடது பக்கமா ஒருக்களித்து. நான் மல்லாந்து சரிந்திருக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ் மாமாவுக்குப் பின்னால். மாமா நிலையில். வயிற்றுக்கும் என் இடது கைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். ஒரு சாண். கையை எடுத்து வைத்தால் போதும், உள்ளங்கைக்கு ஏதாவது தெரியும், தோலுக்கு அடியில் ஒரு மீன் புரள்வது, ஒரு முழங்கை, ஏதாவது. ஆனால் கையை எடுத்து வைத்து ஒன்றும் தெரியாவிட்டால்? இப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது இல்லை என்பதாகாது. ஐயம் இருந்தால் அதன் பலன் பேட்ஸ்மேனுக்கு, இது நடுவர்களின் பழைய மரபு, இதைவிடக் கருணையான ஒரு சட்டத்தை மனிதர்கள் எழுதியதில்லை. நான் அசையாதவரை ஐயம் இருக்கிறது. ஐயம் இருக்கும்வரை அது அவுட் இல்லை. எனவே அசையாமல் இருப்பது மூடநம்பிக்கை அல்ல, சட்டப்படியான நிலை, என்று நான் எனக்கே வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கிக் கண்ணோரத்தில் நிற்கிறது. அதைத் துடைக்கவும் கை வேண்டும்.

"அம்மிணி, ஆப்பிள் கருக்குதே," என்கிறார் மாமா டிவியைப் பார்த்தபடி. "நீங்களே தின்னுருங் மாமா." "எந்தக் கையில திங்கறது? ஒண்ணுல தட்டு, ஒண்ணு நெலையப் புடிச்சிருக்குது." "அப்பக் கருக்கட்டுங்." "உனக்குன்னு அறுத்தது." "ஆட்டம் முடிஞ்சதுந் திங்கறனுங்." சிரிக்கிறார், தோளசையாமல், மூக்கால். நானும் சிரித்திருக்க வேண்டும். திரையில் மீதி ஓவர்களை எண்ணுகிறேன். சாப்பாட்டு மேஜையில் என் போன் அடிக்கிறது. அடித்துக்கொண்டே மேஜையின் ஓரத்துக்கு நகர்கிறது. இந்த வீட்டில் இப்போது நகர அனுமதியுள்ளது அது ஒன்றுதான். நந்துவாகத்தான் இருக்கும், ஏலம் முடிந்ததும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார், "ஆட்டமா?" அவர் வாழ்க்கையில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வி, அதுவும் வயிற்றைப் பற்றியது. நான் தினமும் "செம ஆட்டம்" என்பேன். இன்று எடுத்தால் என்ன சொல்வேன்? எடுக்க முடியாமல் இருப்பது எவ்வளவு நல்லது. எடுக்க முடியாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று நினைக்கிறவள் எப்படிப்பட்டவள்? போன் நின்றுவிட்டது. "நந்துவாத்தான் இருக்கோணும்," என்கிறார் மாமா. "ஆமாங்." "அப்பறம் கூப்புடுவான், உடு." மறுபடி அடிக்கிறது. மறுபடி நிற்கிறது. மைதானத்தில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, கழுத்து அசைய அசைய நெட்டையன் குடிக்கிறான், அவ்வளவு தண்ணீர், அவ்வளவு சில்லென்று, பாதி வாயிலும் பாதி மார்பிலும், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், குடிடா, என் பங்கையும் சேர்த்துக் குடி. எனக்குப் பாத்ரூம் போக வேண்டும். வெகுநேரமாகப் போக வேண்டும். உள்ளே அது என் சிறுநீர்ப்பையின்மேல் தலையை வைத்து அழுத்துகிறது, இல்லை, அழுத்துவது என்றால் அது செய்வது, அது எதையும் செய்யவில்லை, அது இருக்கிறது, கனமாக, மூட்டையை வைத்துவிட்டுப் போனதுபோல, மண்டியில் மஞ்சள் மூட்டை சாத்தியிருப்பதுபோல. ஏய். ஏய், வாட்ச்மேன். ஒரு தட்டு தட்டு. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அடிக்க வேண்டாம், தடுத்தால் போதும், மட்டையைத் தரையில் ஒருமுறை ஊன்று, போதும். நெட்டையன் நிற்கும்வரை நீயும் நிற்பாய் என்று எப்போது முடிச்சுப் போட்டேன் தெரியவில்லை. போட்ட பிறகு அவிழ்க்கும் வழி தெரியவில்லை. சாரா நிகழ்ச்சிகள், சாரா நிகழ்ச்சிகள். பந்து. அலறல். நெட்டையனின் காலில் பட்டுவிட்டது, எல்லாரும் கையைத் தூக்கிக் கூவுகிறார்கள், நடுவர் இல்லை என்று தலையை ஆட்டுகிறார், அவர்கள் மேல்முறையீடு செய்கிறார்கள். பெரிய திரை. பந்து எங்கே விழுந்தது, எங்கே பட்டது, தொடர்ந்து போயிருந்தால் எங்கே போயிருக்கும், ஒவ்வொன்றாக, நிதானமாக, போயிருக்கக்கூடிய பாதையை ஒரு கோடாக வரைந்து காட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கோடு வரைந்து காட்டினால். நான் மூச்சை நிறுத்தியிருக்கிறேன். மாமாவின் தட்டில் ஒரு துண்டு மெல்ல வழுக்கி விளிம்புக்கு வருகிறது. கோடு ஸ்டம்பைத் தொடாமல் தாண்டிப் போகிறது. அவுட் இல்லை. மாமா நீளமாக மூச்சுவிட்டார், கண்ணில் தண்ணீர். "பாத்தியா அம்மிணி," என்றார், கோயிலில் பேசுகிற குரலில், "அசையாம இருந்தா ஒண்ணும் ஆவாது."

அசையாம இருந்தா ஒண்ணும் ஆவாது. அந்த வாக்கியம் கூடத்தைச் சுற்றிவந்து என் மடியில் உட்கார்ந்தது. மூன்று இட்லி, நடை, நாற்காலி, போன், ஐயத்தின் பலன், எல்லாம் அதற்குள் இருந்தன, அதைச் சொன்னவர் டிவியைப் பார்த்துச் சொன்னார். "மாமா," என்றேன். "ம்." "உள்ள அசையலைங் மாமா." அவர் உடனே திரும்பவில்லை. பழக்கம். பிறகு கழுத்து திரும்பியது, பிறகு தட்டு கீழே போனது, ஆப்பிள் துண்டுகள் ஷோகேஸ்வரை உருண்டன. "எப்ப இருந்து?" "லஞ்சுக்கு முன்னாடி ஒரு தடவ. ட்ரிங்க்ஸ் குடிச்சாங்கல்ல, அப்ப." மாமாவுக்கு அதை மணியாக மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை, முகம் உடனே வெளுத்தது. "அடக் கெரகமே! இத்தன நேரம் என்ன பண்ணிட்டு இருந்தே?" "பார்ட்னர்ஷிப்புங் மாமா." என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பாரமெல்லாம் ஒரு காலிலேயே போட்டு நின்றிருந்ததால் மறுகாலை ஊன்ற முடியாமல், நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, நொண்டிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைக் கொண்டுவந்தார், பாதி என் வாயிலும் பாதி மார்பிலும். சோபாவில் இடது பக்கமாகப் படுக்கவைத்தார். கால் ஊசி ஊசியாகக் குத்தி உயிர்பெற்றது. கால் மட்டும். இரண்டு உள்ளங்கையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என் கையைப் பார்த்தார், டிவியை இருவரும் பார்க்கவில்லை, பார்க்காவிட்டாலும் கேட்டது: தடுத்தான், விட்டான், தடுத்தான். நாங்கள் எழுந்து, நடந்து, தண்ணீர் குடித்து, தட்டை உடைத்து, விதிகள் அத்தனையையும் மீறியாகிவிட்டது. விக்கெட் விழவில்லை. கொஞ்சம் அவமானமாக இருந்தது, அந்த நேரத்திலும். "எந்திரி, போலாம்," என்றார் மாமா. நிறுத்தாத டிவியை உள்ளே வைத்துப் பூட்டினார். காரின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தால் ஈரோடு என்பது வெறும் மின்கம்பிகள். ஒவ்வொரு கம்பத்தையும் அவர் ஆட்கள் நட்டிருப்பார்கள், ஒவ்வொரு வேகத்தடையிலும் "பொறு கண்ணு, பொறு கண்ணு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றினார்.

"கடைசியா எப்பங்க அசைஞ்சுது?" என்றாள் நர்ஸ், ஜெல்லைத் தடவியபடி. "லஞ்சுக்கு முன்னாடி." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இன்னும் நண்பகல் ஆகவில்லை. "நேத்துங்களா?" "இல்ல, இன்னைக்கு. அவங்க லஞ்ச்." "எவங்க லஞ்ச்?" திரைக்கு வெளியே இருந்து மாமா கத்தினார்: "காலையில ஆறே கால் மணிங்கம்மா!" நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. நகர்த்தினாள். ஒன்றும் இல்லை, இரைச்சல், என் இரைச்சல். இன்னும் கீழே. கூரையில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. நான் மூச்சு விட்டேன், வேண்டுமென்றே, சத்தமாக, காலை ஆட்டினேன், விரல்களை மடக்கி நீட்டினேன், இனி எதற்காகவும் அசையாமல் இருக்கமாட்டேன் என்று யாருக்காவது தெரியட்டும் என்று. அவள் இடது ஓரத்தில் அழுத்தினாள். அப்போது விசைத்தறி ஓடுகிற சத்தம், தூரத்துத் தெருவில் ஒரே ஒரு தறி, சடக் சடக் சடக் சடக், பிறகு பக்கத்துத் தெருவில், பிறகு அறைக்குள்ளேயே. "இருக்குது பாருங்க," என்றாள். மாமா வெளியே மூக்கைச் சிந்தினார். டாக்டர் வந்து, காகிதத்தைப் பார்த்து, ஸ்கேன் செய்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றும், பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறது, பிள்ளைக்கு அசைய இடம் போதவில்லை என்றும், இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் கேட்காமல் இருப்பது நல்லது என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. மாமா போன் செய்ததும் நந்து சட்டையெல்லாம் மஞ்சளாக ஓடிவந்தார். அப்பாவைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஊட்லதான இருந்தீங்க? போன எடுக்கறதுக்கு என்னங்ப்பா?" என்றார். மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, வராந்தாவுக்குப் போய்விட்டு வந்து என் தலைமாட்டில் குனிந்தார். "நின்னுட்டானுக," என்றார் மெதுவாக. "கடைசி வரைக்கும்." நான் தலையாட்டினேன். பிரசவம் ஆகும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்றும், முடிந்தவரை இடது பக்கம் திரும்பியே படுத்திருக்க வேண்டும் என்றும் டாக்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார். மாலையில் என்னை மாடியில் ஒரு அறைக்கு மாற்றினார்கள். அதில் டிவி வலது பக்கச் சுவரில் மாட்டியிருந்தது.